குழலைக் கட்டையில் அமர்த்துதல்: பாதி செதுக்கிய பென்சில்வேனியா துப்பாக்கித் தொகுப்பு ஒன்றின் மதிப்பீடு

பாகங்களாக வாங்கி நாமே கட்டிக்கொள்ளும் துப்பாக்கித் தொகுப்பு ஒன்றின் பெட்டிமேல் ஒட்டியிருந்த தாளில், மரக்கட்டையின் செதுக்கு வேலையில் 95 விழுக்காடு முடிந்துவிட்டது என்று அச்சிட்டிருந்தார்கள். அந்தப் பெட்டியைப் பிரித்த நாளுக்கும் முதல் குண்டைச் சுட்ட நாளுக்கும் இடையே நான் 130 மணி நேரம் உழைத்தேன்; அதில் 45 மணி நேரம் குழலைக் கட்டையில் அமர்த்துவதற்கு மட்டுமே சென்றது. இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். செதுக்கி எடுக்க வேண்டிய மரத்தின் அளவை மட்டும் கணக்கிட்டால் விற்பவர் சொல்வது சரிதான். ஆனால் எஞ்சிய 5 விழுக்காடு எந்த இடத்தில் எஞ்சியிருக்கிறது என்பதுதான் இத்தகைய தொகுப்பின் தரத்தை முடிவு செய்கிறது. வாங்க நினைப்பவர் வேறு எதைப் பார்க்கத் தவறினாலும் குழலின் பின்முனை அமரும் இடத்தைப் பார்க்கத் தவறக் கூடாது. ஆகவே இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி அந்த ஓர் அங்குல இடத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

நான் வாங்கியது, குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டுச் சக்கிமுக்கிக் கல்லால் பற்றவைக்கும் பழைய பென்சில்வேனியா நீள்துப்பாக்கியின் பாகங்கள் அடங்கிய தொகுப்பு. தயாரித்தவரின் பெயரை எழுதப் போவதில்லை. கீழே சொல்லும் குறைகளில் ஒன்று எனக்கு வந்த ஒரே ஒரு கட்டைக்கு உரியதாகவும் இருக்கலாம். மற்றவை இயந்திரத்தால் முன்கூட்டிக் குடைந்து விற்கும் கட்டைகள் பலவற்றுக்கும் பொதுவானவை. பெட்டியில் 44 அங்குல நீளமும் 0.50 அங்குல உள்விட்டமும் கொண்ட எட்டுப் பட்டைக் குழல், குழல் பள்ளமும் பொறிக் குழியும் குடையப்பட்ட சுருள் ரேகை மேப்பிள் கட்டை, கல்லால் தீப்பொறி எழுப்பும் சக்கிமுக்கிப் பொறி, குதிரையும் (விரலால் இழுக்கும் விசை) அதன் தகடும், பித்தளை வார்ப்புகள், ஊசி ஆணிகள், மருந்தையும் குண்டையும் குழலுக்குள் தள்ளும் திணிகோல், பன்னிரண்டு பக்கக் குறிப்பேடு ஆகியவை இருந்தன.

இந்தத் துப்பாக்கியின் வடிவமே குழல் பதிக்கும் வேலையைக் கடினமாக்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள், தங்கள் நாட்டு யேகர் வேட்டைத் துப்பாக்கியின் குட்டையான, பெரிய துளையுள்ள குழலை 42 அங்குலத்துக்கும் மேலாக நீட்டி, துளையைச் சிறிதாக்கி, உள்ளூர் மேப்பிள் மரத்தில் பதித்தார்கள். குழல் நீண்டதால் அதைத் தாங்கும் முன்கட்டையும் வாய்வரை நீண்டது. தூக்கிச் சுமக்க வேண்டிய ஆயுதம் என்பதால் அந்த முன்கட்டையின் பக்கச் சுவர்கள் ஒரு நூல் கனத்துக்கும் குறைவாக இழைக்கப்பட்டன. ஒரு நூல் என்றால் 1/8 அங்குலம். மூன்றரை அடிக்கும் மேல் நீளும், காகித உறைபோல் மெலிந்த மரத்தில், எட்டுப் பட்டை இரும்பு ஒன்று எந்த இடத்திலும் நெருக்கப்படாமலும் எந்த இடத்திலும் ஆடாமலும் கிடக்க வேண்டும். போதாக்குறைக்கு அந்தக் குழலின் கனமும் சீரானதன்று. என் குழல் பின்முனையில் 1 அங்குல அகலம்; வாய்க்கு ஏறத்தாழ 9 அங்குலம் இருக்கும்போது 0.7 அங்குலமாகச் சிறுத்து, வாயில் மீண்டும் 0.8 அங்குலமாக விரிகிறது. ஓர் உடுக்கையை நீட்டி இழுத்தது போன்ற உருவம். இந்த இடைச் சிறுப்புதான் துப்பாக்கியைக் கையில் பிடிக்கும்போது எடை முன்னால் சரியாமல் சமனாக நிற்கச் செய்கிறது. இதே சிறுப்புதான் பள்ளத்தை நேர்கோட்டில் இழைக்க முடியாதபடியும் செய்கிறது. வெறும் மரப்பலகையிலிருந்து தொடங்குபவருக்கு மிகவும் அச்சமூட்டும் பகுதி இதுவே என்பதால், இந்த ஒன்றை மட்டும் இயந்திரம் செய்து தந்திருந்தாலே தொகுப்புக்குக் கொடுத்த பணம் தகும் என்று எண்ணினேன். அந்த எண்ணம் பொய்க்கவில்லை. குழலின் நடுப்பகுதி முழுவதும், ஏறத்தாழ 30 அங்குல நீளத்துக்கு, பள்ளம் மிக நேர்த்தியாக இருந்தது. இடப்பக்கம் ஓரிடத்தில் மட்டும் தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது.

குழலின் தரத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. குண்டைச் சுழலச் செய்யும் உட்புரிகள் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தன, வாய் விளிம்பில் பிசிறு இல்லை, பின்முனையை மூடும் அடைப்புத் திருகு முன்பே இறுக்கப்பட்டிருந்தது. பட்டைகளில் இழைப்புக் கருவியின் வரிகள் இருந்தன. அரத்தாலும் உப்புத்தாளாலும் மூன்று மணி நேரத்தில் போய்விட்டன.

பின்முனைக்கு வருகிறேன். வெடிக்கும்போது குழல் பின்னோக்கித் தள்ளும் விசை முழுவதையும் மரம் வாங்கிக்கொள்ளும் இடம் அது. குழலின் பின்முகம், அதன் பரப்பு முழுவதும் மரத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். ஒட்டாமல் ஒரு மூலையில் மட்டும் பட்டால், ஒவ்வொரு வெடிக்கும் அந்த மூலை நசுங்கி, நாளடைவில் கட்டையின் கழுத்தில் விரிசல் ஓடும். அடைப்புத் திருகிலிருந்து பின்னோக்கி நீண்டு கட்டையின் கழுத்தில் பதியும் வால்தகட்டின் நுனியோ, இதற்கு நேர்மாறாக, பின்னால் மரத்தைத் தொடாமல் ஒரு முகவரி அட்டையின் கனம் அளவு விலகி நிற்க வேண்டும். நுனி தொட்டால் அது ஆப்புபோல் வேலை செய்து கழுத்தைப் பிளக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வாலைச் சுற்றிலும் இடைவெளியே இல்லாத பொருத்தம் அழகாகத் தெரியும். ஆனால் உள்ளே பாரம் தாங்க வேண்டியது பின்முகம்.

இந்தத் தொகுப்பை வடிவமைத்தவர் இங்கே ஒரு நல்ல முடிவை எடுத்திருக்கிறார். பள்ளத்தின் பின்சுவரில் 1/16 அங்குல மரத்தை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் குழலை வைத்துப் பார்த்தபோது அது முன்னால் தள்ளியே நின்றது. வால் அதன் குழியில் இறங்கவில்லை. பின்முனை ஒரு நூலுக்குச் சற்றுக் குறைவாக மேலே தூக்கிக்கொண்டிருந்தது. முதல் முறை கட்டுபவருக்கு இது பழுதுபோல் தோன்றும். பழுதன்று. குடையாமல் விட்ட மரத்தை உளியால் எடுக்கலாம். அதிகமாகக் குடைந்த மரத்தைத் திரும்ப வைக்க இயலாது. பின்முனையை முழுவதுமாகக் குடைந்து, குழல் தானாகவே விழுந்து அமரும்படி தரும் தொகுப்புகளும் இருக்கின்றன. அவற்றில் பின்முகத்துக்கும் மரத்துக்கும் இடையில் எஞ்சும் வெற்றிடத்தை எப்பாக்சிப் பசையால் நிரப்ப வேண்டியிருக்கும். பசை வேலை செய்யும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் மரத்தோடு இரும்பு நேரடியாகச் சேரும் பொருத்தத்தைக் கற்றுக்கொள்ளவே இந்த வேலையில் இறங்குபவருக்கு அது பயன் தராது.

மரத்தை எடுக்கும் முறை எளிது, பொறுமையைத்தான் கேட்கும். குழலின் பின்முகத்திலும் கீழ்ப்பட்டைகளிலும் மெழுகுவர்த்திப் புகைக் கரியையோ நீல எண்ணெய் வண்ணத்தையோ மிக மெல்லியதாகத் தடவி, குழலைப் பள்ளத்தில் இறக்கி, கொட்டாப்புளியால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டி, நேராக மேலே தூக்க வேண்டும். மரத்தில் எங்கே கறை படிந்திருக்கிறதோ அங்கே மட்டும், அதுவும் சீவல் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாக, உளியால் எடுக்க வேண்டும். மீண்டும் தடவி, மீண்டும் இறக்க வேண்டும். பின்முனைக்கு மட்டும் நான் இதை அறுபது எழுபது முறை செய்திருப்பேன். தொடக்கத்தில் வண்ணத்தைத் தடிப்பாகப் பூசிவிட்டேன். உண்மையில் தொடாத இடங்களிலும் அது ஒட்டிக்கொண்டதால், எடுக்க வேண்டாத மரத்தை இடப்பக்கக் கீழ்ப்பட்டையில் எடுத்துவிட்டேன். அந்த வடு இன்றும் உள்ளே இருக்கிறது. பல ஆண்டுகளாகத் துப்பாக்கி கட்டிவரும் முதியவர் ஒருவரிடம் கட்டையைக் காட்டியபோது, விரல்நுனியில் பூசி, பிறகு துணியால் துடைத்து, துடைத்தபின் எஞ்சியிருக்கும் வண்ணமே போதும் என்றார். அவர் சொன்ன இன்னொன்றும் பயன்பட்டது. நீல வண்ணம் மேப்பிளில் ஆழமாக ஊறிவிடும். பள்ளத்தின் உள்ளே அது கேடில்லை, ஆனால் வால்தகட்டின் விளிம்பில் ஊறினால் எண்ணெய் பூசிய பிறகும் நீலக்கோடு தெரியும். ஆகவே விளிம்பருகே புகைக்கரியை மட்டுமே பயன்படுத்தினேன். இந்த இரண்டு செய்தியும் குறிப்பேட்டில் இல்லை.

வால்தகட்டின் குழிதான் இந்தத் தொகுப்பின் வலுவற்ற பகுதி. குழியைச் சுழலும் வெட்டுக்கருவி குடைந்திருந்ததால் மூலைகள் உருண்டையாக இருந்தன. வாலோ கூர்மையான மூலைகளோடு வந்தது. மூலைகளை உளியால் சதுரமாக்குவது பெரிய வேலையன்று. ஆனால் வாலின் பக்கங்கள் செங்குத்தாக இருந்தன; அதுவே சிக்கல். செங்குத்தான பக்கமுள்ள இரும்பை மரத்தில் இறக்கித் தூக்கும்போதெல்லாம் விளிம்பு நார் பெயர்ந்து வரும். சுருள் ரேகை மரத்தில் இன்னும் எளிதாகப் பெயரும். பக்கங்களை அரத்தால் மிகச் சிறிதே சரிவாக்கி, கீழே குறுகி மேலே அகலும்படி செய்துகொண்டால், வால் இறங்க இறங்க இடைவெளி தானே மூடிக்கொள்ளும். இதை உற்பத்தியின்போதே செய்து தருவது கடினமில்லை. நான் அரம் பிடித்த அந்த அரை மணி நேரம்தான் இன்று வாலைச் சுற்றியுள்ள மெல்லிய, தடையற்ற கோட்டுக்குக் காரணம்.

பின்சுவரில் விட்டிருந்த 1/16 அங்குலத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அதைப் புரிந்துகொண்ட பிறகுதான் வடிவமைத்தவர் மேல் எனக்கு மதிப்பு வந்தது. அடைப்புத் திருகின் உள்முகம் குழலின் பின்முனையிலிருந்து 5/8 அங்குலத்தில் நிற்கிறது. பொறிக்குழி முன்பே குடையப்பட்டிருப்பதால் தீப்பொறி விழும் பற்றுமருந்துக் கிண்ணியின் இடம் நிலையானது. கிண்ணியின் தீயைக் குழலுக்குள் கொண்டுசெல்லும் தீத்துளை அந்தக் கிண்ணியின் நடுவுக்கு நேரேதான் குழலில் துளைக்கப்பட வேண்டும். குழலை வந்த நிலையிலேயே வைத்து அளந்தபோது, கிண்ணியின் நடுவும் திருகின் உள்முகமும் ஒரே கோட்டில் இருந்தன. அப்படியே துளைத்தால் துளையின் பாதி திருகின் இரும்பில் போய் முட்டும். குழல் 1/16 அங்குலம் பின்னால் சென்றதும் திருகின் முகமும் அதே அளவு பின்னால் போகிறது; 1/16 அங்குல விட்டமுள்ள தீத்துளையின் பின்விளிம்பு அந்த முகத்திலிருந்து 1/32 அங்குலம் முன்னால், மருந்து கிடக்கும் அறைக்குள் சரியாகத் திறக்கிறது. பாதி தூரம் மட்டும் தள்ளிவிட்டு நிறுத்தியிருந்தால் துளையின் விளிம்பு திருகின் முகத்தையே உரசியிருக்கும். ஆக, பின்முனையில் எவ்வளவு மரம் எடுக்கிறோம் என்பது துப்பாக்கி தவறாமல் பற்றுமா என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறது. உயரத்திலும் இதே உறவு உண்டு. தீத்துளை கிண்ணியின் மேல்விளிம்பு மட்டத்தில், பாதி மறைந்த கதிரவனைப்போல் நிற்க வேண்டும். குழலைத் தேவைக்கு மேல் ஆழமாக இறக்கியவர் துளையைக் குழலின் பக்கப்பட்டையில் தாறுமாறான உயரத்தில் போட நேரும். குறிப்பேடு இவ்வளவையும் ஒரே வரியில், குழலைப் பின்னால் நன்றாக அமர்த்துக என்று சொல்லி முடிக்கிறது. இவ்வளவு கவனமாகக் கணக்கிட்டு மரம் விட்டவர், ஏன் விட்டார் என்பதை ஒரு பத்தி எழுதியிருக்கலாம்.

குழலைப் பின்னால் நகர்த்தினால் இடை சிறுத்த பள்ளம் பொருந்தாமல் போகுமே என்ற அச்சம் எனக்கு முதலில் இருந்தது. கணக்கிட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 35 அங்குல நீளத்தில் 0.3 அங்குலம் சிறுக்கும் குழல், 1/16 அங்குலம் நகர்ந்தால் அகலத்தில் ஏற்படும் வேறுபாடு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைக் கண்ணும் காணாது, கரியும் காட்டாது.

இனி, எனக்குப் பெரிய ஏமாற்றம் தந்த இடம். குழல் பள்ளத்துக்கு நேர் கீழே, திணிகோல் நுழையும் நீண்ட துளை முன்பே துளைக்கப்பட்டு வந்தது. பள்ளத்துக்கும் துளைக்கும் நடுவே ஒரு நூல் கன இடைச்சுவர் இருக்க வேண்டும். பொறியைத் தாங்கும் முன் திருகாணி அந்தச் சுவருக்குள்தான் குறுக்கே செல்லும். நீண்ட துரப்பணம் மரத்தின் ரேகையைப் பின்பற்றி மேல்நோக்கி விலகியதால், என் கட்டையில் பின்பகுதியில் அந்தச் சுவர் 1/16 அங்குலத்துக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தது. திருகாணி திணிகோலின் துளைக்குள் எட்டிப் பார்த்தது. கோல் முழுவதும் உள்ளே போகவில்லை. கோலின் நுனியை மெலியச் சீவியும், குழலின் கீழ்ப்பட்டையில் திருகாணிக்கு ஆழமில்லாத ஒரு பள்ளம் அரத்தால் போட்டும் நிலைமையைச் சமாளித்தேன். குழலின் சுவர் அந்த இடத்தில் மிகவும் கனமானது என்பதால் இதில் ஆபத்தில்லை. பழைய துப்பாக்கிகளிலும் இவ்வாறு செய்திருப்பதைக் காணலாம் என்று அந்த முதியவர் சொன்னார். என்றாலும் கட்டையைப் பெட்டியிலிட்டு அனுப்பும் முன் ஓர் அளவுகோலைத் துளையில் நுழைத்துப் பார்த்திருந்தால் தயாரித்தவருக்கே இது தெரிந்திருக்கும். விற்பனையாளருக்கு எழுதியபோது வேறு கட்டை அனுப்ப முன்வந்தார்கள். அதற்குள் பின்முனை வேலை முடிந்திருந்ததால் நான் ஏற்கவில்லை. ஆகவே வாங்குபவர் உளியை எடுக்கும் முன்பே, முதல் நாளிலேயே, இந்தத் துளையை அளந்துவிட வேண்டும்.

குழலை முன்கட்டையோடு கட்டுபவை மூன்று ஊசி ஆணிகள். குழலின் அடியில் டவ்டெயில் (புறாவால் வடிவ) வெட்டில் இறக்கிய சிறு காதுகளின் வழியாக அவை குறுக்கே செல்கின்றன. காதுகள் தொகுப்பிலேயே பொருத்தப்பட்டிருந்தன. வெட்டுகள் ஆழமில்லாமல், குழலின் சுவரைப் பலவீனப்படுத்தாதபடி இருந்தன. ஆனால் காதுகளில் வட்டத் துளை போடும்படி குறிப்பேடு சொல்கிறது. அதை நான் பின்பற்றவில்லை; வாங்குபவரும் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எஃகுக் குழல் சுடச்சுட 50 பாகை செல்சியஸ் சூடேறினால், பின்முனைக்கும் முன் ஊசிக்கும் இடைப்பட்ட 40 அங்குலம் ஏறத்தாழ 1/40 அங்குலம் நீளும். மரம் அப்படி நீளாது. வட்டத் துளையில் ஊசி இறுகி நின்றால் குழல் வில்லாக வளையும், குண்டு இலக்கை விட்டு விலகும், அல்லது மெலிந்த முன்கட்டை ஊசியருகே பிளக்கும். துளையைக் குழலின் நீளவாக்கில் ஊசியின் இரண்டு மடங்கு அளவுக்கு நீட்டிவிட்டால் குழல் முன்னும் பின்னும் தடையின்றி நகரும். மேலும் கீழும் மட்டும் ஆடாது. ஈரமான கோடைக்கும், வீட்டுச் சூடேற்றியால் உலர்ந்துபோகும் குளிர்காலத்துக்கும் இடையில் கட்டை வீங்கிச் சுருங்கும் பென்சில்வேனியாவில் இது இன்னும் முக்கியம்.

வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகரில், பதினெட்டாம் நூற்றாண்டுக் கருவிகளைக் கொண்டே துப்பாக்கி செய்து காட்டும் பட்டறையை இந்த வேலை தொடங்கும் முன் ஒருமுறை பார்த்தேன். அங்கே கொல்லர் வெறும் மேப்பிள் பலகையில் பள்ளத்தைக் கையாலேயே பறிக்கிறார். என் தொகுப்பு அவருடைய உழைப்பின் நீளத்தைச் சுருக்கித் தந்தது உண்மை. ஆனால் பின்முனைக்கு வரும்போது அவர் கையில் பிடித்திருந்த அதே உளியையும் அதே கரியையும்தான் நானும் பிடித்தேன். அவருக்கு ஒரு வசதியும் உண்டு: குழலை அமர்த்திய பிறகே பொறியின் இடத்தை அவர் குறிக்கிறார். இயந்திரம் குடைந்த கட்டையில் பொறியின் இடம் முன்பே முடிவாகிவிடுவதால் பிழை செய்ய நமக்கு மிஞ்சியிருப்பது அந்த 1/16 அங்குலம் மட்டுமே.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இவ்வகைப் பழமையான துப்பாக்கிகளையும் அவற்றின் மறுஆக்கங்களையும் தனியாகப் பிரித்து வைக்கிறது. மாநிலச் சட்டங்கள் வேறுபடும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எந்தத் துப்பாக்கியையும் செய்வது குற்றம். ஆகவே இந்த மதிப்பீடு அங்கிருப்பவர்களுக்கு வாங்கும் பரிந்துரையன்று. கட்டிய துப்பாக்கியில் கருமருந்தைத் தவிர இக்காலப் புகையில்லா மருந்தை ஒருபோதும் இடக் கூடாது, குழல் வெடித்துவிடும்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? உளியைத் தீட்டத் தெரிந்தவருக்கு, ஒரு வார இறுதியில் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் இல்லாதவருக்கு. பென்சில்வேனியாவில் 1974 முதல் நடந்துவரும் சக்கிமுக்கித் துப்பாக்கி மான்வேட்டைப் பருவத்துக்கு ஆயத்தமாக வேண்டும் என்று இலையுதிர்காலத்தில் வாங்கினால், அந்த ஆண்டே முடிக்க இயலாது. நான் மார்ச்சில் வாங்கி நவம்பரில் முடித்தேன். விலை ஆயிரம் டாலருக்குச் சற்று மேல். குழலும் பொறியும் அந்த விலைக்குத் தகும், கட்டையும், திணிகோல் துளையைத் தவிர்த்தால், தகும், குறிப்பேடு தகாது.

இரண்டு குளிர்காலங்கள் கடந்துவிட்டன. சென்ற வாரம் ஊசிகளைத் தட்டி எடுத்து, வால் திருகைக் கழற்றி, குழலைத் தூக்கிப் பார்த்தேன். பின்சுவர் மரம் முழுவதும் ஒரே சீராகப் பளபளத்தது. ஒரு மூலை அதிகமாக, இன்னொரு மூலை குறைவாக அழுந்திய அடையாளம் இல்லை. வாலின் பின்னால் விட்ட இடைவெளி அப்படியே இருந்தது. இடப்பக்கக் கீழ்ப்பட்டையில் நான் தவறாக எடுத்த இடத்தில் மட்டும் சிறிது கரி படிந்திருந்தது. துடைத்து, எண்ணெய் பூசி, குழலை மீண்டும் இறக்கினேன்.